நல்லூரானுக்கு ஒரு நேர்த்தி

நல்லூர்த் திருவிழா தொடங்கிப் பதினெட்டு நாள். சண்டிலிப்பாய்ப் பஞ்சலிங்கத்தின் வீட்டில் மீன்சட்டி பரணில் ஏறியும் பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் நண்டு தின்பது என்று மனிசன் முடிவெடுத்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் இந்த முடிவில் மாற்றமில்லை. அரியாலையில் இருக்கும் பழைய சிநேகிதர் கிருபைரட்ணத்திடம் நண்டு வாங்கி வைக்கச் சொல்லியும் ஆயிற்று.

வசதியும் தானாக வந்தது. யாழ்ப்பாணத்தில் சைவ மாநாடு. வந்தவர்களை ஒரே நாளில் எட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போக பஸ் விட்டார்கள். மனைவி அருந்ததி இரண்டு சீட் பிடித்து வைத்திருந்தாள். புறப்படும் நேரம் பார்த்துப் பஞ்சலிங்கம் கட்டிலில் சாய்ந்தார்.

“ஐயோ, இடுப்புப் பிடிச்சிட்டுது. அசையேலாமல் கிடக்கு.”

“எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

“அப்ப நான் நிக்கட்டே?”

“சீச்சீ! எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு வாரும்.”

அருந்ததி எண்ணெய் பூசினாள். திருநீறு போட்டாள். போய்விட்டாள். பஸ் சந்தி திரும்பியதோ இல்லையோ, அசையமுடியாத இடுப்பு மோட்டார் சைக்கிளில் ஏறி அரியாலைக்குப் பறந்தது. கிருபைரட்ணம் வீட்டார் மெதடிஸ்தக் கிறிஸ்தவர்கள். திருவிழா விரதமெல்லாம் அந்த அடுப்பைத் தொடாது. அவர் மனைவி பியாட்றிஸ் வைத்த நண்டுக்குழம்பு வாசல் படலைக்கே மணந்தது.

கை கழுவி உட்கார்ந்தார். போன் அடித்தது.

“இடுப்பு எப்பிடியப்பா?” கீரிமலையிலிருந்து அருந்ததி.

“இன்னும் அப்பிடித்தான்...” குரலைத் தாழ்த்தி முனகினார்.

“நினைச்சனான். எங்கடை பரியாரியாருக்குச் சொல்லிப்போட்டன். இப்ப வீட்டை வந்திடுவார்.”

வந்தால் வெறுங்கட்டிலுக்குத்தான் வைத்தியம் பார்க்கவேண்டும். பஞ்சலிங்கம் பாய்ந்து எழும்பினார்.

“வேண்டாம், வேண்டாம்! இப்பத்தான் மாறினது. முழுக்க மாறீட்டுது!”

“உண்மையாவோ?”

“சத்தியமா. துள்ளிக் காட்டட்டோ?”

“முருகா! மாவிட்டபுரத்திலை நேர்ந்தனான். இடுப்பு இண்டைக்கே மாறினால் நாளைக்கு விடியவே நல்லூர் வீதியிலை நீங்கள் பிரதட்டை எண்டு. நீங்கள் உருளுங்கோ. நான் பின்னாலை அடிக்கு அடி விழுந்து எழும்பி அடியழிச்சுக் கும்பிட்டுக்கொண்டு வாறன்.”

நல்லூர் வெளிவீதி என்ன, வீட்டு முற்றமா? அவ்வளவு மண்ணிலும் உருண்டு சுற்றவேண்டும். வயது ஐம்பத்தெட்டு. தொந்தி வேறு. பஞ்சலிங்கத்துக்கு அழுகையே வந்தது.

“இஞ்சாரும், கொஞ்சம் நோகுது போலையும் கிடக்கு...”

“அப்ப பரியாரியார் வரட்டும்.”

“இல்லை, இல்லை. உருளுறன்.”

போனை வைத்தார். நாளைக்கு உருளுவது நாளைக்கு. இன்றைய நண்டை யார் தடுப்பது? எடுத்த முடிவு எடுத்ததுதான். பிடிவாதமாகச் சோற்றுக் கோப்பையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

பியாட்றிஸ் வேறொரு சட்டியோடு வந்தாள்.

“கோவியாதேங்கோ அண்ணை. பிரதட்டை செய்யிற ஆளுக்கு நண்டு, மச்சம் ஒண்டும் குடுக்கவேண்டாமெண்டு அருந்ததியக்கா நேற்றே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. உங்களுக்குப் பூசணிக்காய்.”