நீராவி ஊதலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மைத்துனருக்கு

என் மனைவியின் அருமைத் தம்பியும், மான்செஸ்டரில் இயந்திரம் செய்து விற்பவருமான மாப்பிள்ளை எனோக்குக்கு, ஓல்டம் பருத்தி மில் ஜாபெஸ் ஹாக்ஸ்வர்த் எழுதிக்கொண்டது. இங்கே உம் அக்காள் சுகம், பன்றிக்குட்டிகள் சுகம். நீர் விற்ற நீராவி ஊதலும் சுகமாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

வெள்ளிக்கிழமைக்குள் லிவர்பூல் கப்பலுக்குச் சட்டைத்துணி போகாவிட்டால் வியாபாரி என்னைக் கைகழுவிவிடுவான்; நான் பழையபடி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொத்தான் விற்கப் போக வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து, பத்து மணி நேர வேலைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசாங்க ஆய்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். சில முதலாளிகள் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டு ஏமாற்றுகிறார்களாம். நான் அப்படிப்பட்டவனா? என் கடிகாரத்தைப் போன வாரமே சரிசெய்துவிட்டேன். அவர் மெச்சட்டுமே என்று, 'ஊதல் ஒலித்தால் அன்றைய வேலை முடிந்தது. அதன்பின் யாரும் தறியில் கை வைக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்டினேன். மாலை ஆறுக்கு ஊதும் என்று உம்மை நம்பினேன் ஐயா! அதுவோ கொதிகலன் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினாலே ஊதுகிறது. செவ்வாய் காலை பத்துக்கே ஊதிற்று. அத்தனை பேரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மரச்செருப்பு சடசடக்கக் கிளம்பிவிட்டார்கள்.

"ஏம்மா டார்க்கஸ், எங்கே போறீங்க எல்லாரும்?" என்று நெசவுக்காரி ஒருத்தியை மறித்தேன்.

"வீட்டுக்குத்தான் முதலாளி. கையெழுத்து உங்களுதுதானே?"

"அது தப்பா ஊதிடுச்சும்மா!"

"தப்பா ஊதினா கணக்கில்லைன்னு நோட்டீசுல போடலையே!"

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்து, "அந்தம்மா சொல்றது சரிதான்" என்றார். நோட்டீசைக் கிழித்தால் வழக்காம்.

புதன்கிழமை ஒன்பதுக்கே ஊதிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால், கொதிகலன்கார ஏமோஸ் வாய் நிறைய இஞ்சிக் கேக்கோடு கரியை அள்ளி அள்ளிப் போடுகிறான். கேக் டார்க்கஸ் வீட்டுக் கேக். "தறி வேகமா ஓடணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறான் படுபாவி. ஊதலைக் கழற்றினாலோ ஆவியெல்லாம் ஓட்டை வழியே போய், தறி அசையமாட்டேன் என்கிறது. சரி, வாயை அடைப்போம் என்று உம் அக்காளின் கம்பளிக் காலுறையைத் திணித்தேன். அது பீரங்கிக் குண்டு மாதிரிப் பறந்து, எதிரே தேவாலயச் சன்னல் வழியாக நுழைந்து, "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று போதகர் கேட்ட அதே கணத்தில் மணமகன் தோளில் விழுந்தது. மணப்பெண் அதை விரித்துப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். கல்யாணம் நின்றுபோயிற்று. அவன் இப்போது என் வாசலில் நின்றுகொண்டு விளக்கம் எழுதித் தரச் சொல்கிறான்.

ஆகவே, உடனே வண்டியோடு வந்து ஊதலைக் கொண்டுபோம். கர்த்தர் உம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. உம் மூளையில் இனி எதுவும் உதிக்காமலும் காப்பாராக.

நொந்துபோன அத்தான்,
ஜாபெஸ்

பி.கு.: வண்டி வேண்டாம்! அக்கரை மில் முதலாளி அக்ராய்ட் இப்போதுதான் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தான். "யோவ் ஜாபெஸ், உன் ஊதலைக் கேட்டு என் ஆளுங்களும் போயிடறாங்கய்யா!" என்று அழுகிறான். ஆய்வாளரிடம் பேர் வாங்க என் நோட்டீசை எழுத்துக்கு எழுத்து காப்பியடித்து ஒட்டினானாம். அதே கப்பலுக்கு அவனும் துணி தர வேண்டுமாம். இரண்டு மில்லிலும் சரக்கு இல்லாததால் கப்பல் அடுத்த வாரம்தான் கிளம்புமாம். மாப்பிள்ளை, நீர் ஒரு மேதை. சத்தம் முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கமே போகிற மாதிரி ஒரு வளைந்த குழாய் மட்டும் சீக்கிரம் அனுப்பும்.