வந்தாரும் வந்தாளும்

தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று ஒஸ்லோவில் என்னைப்போல வாய் கிழியப் பேசியவர் இருக்க முடியாது. பொறியியல் படித்துவிட்டு பஸ் ஓட்டியவன் அல்லவா! நேர்முகத் தேர்வுகளில் என் சான்றிதழுக்கு முன் என் நிறத்தைத்தான் பார்த்தார்கள் என்று, நாங்கள் குடியிருந்த ட்வெய்ட்டாப் பகுதியில் போகிற வீடெல்லாம் பிரசங்கம் செய்வேன். (தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டும்வரை.)

இரண்டாயிரத்து மூன்றில் என் மனைவி வசந்திக்குப் பிரசவ வலி வந்தது. முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் டொக்டர், தாதி, சுத்தம் செய்பவர் எல்லோருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு. தங்களை அறிமுகம் செய்யும்போதும் வெறும் பெயர்தான், பட்டம் பதவி வராது. யார் யார் என்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கா தெரியாது?

நரைத்த தலையும் தங்கக் கண்ணாடியுமாக உயரமான நோர்வேக்காரர் ஒருவர் வந்தார். "ஹெய், ஆர்னே" என்று தன் பெயரைச் சொன்னார். நான் எழுந்து நின்று, வலி எப்போது தொடங்கியது என்பதிலிருந்து மாமியாரின் இரத்த அழுத்தம் வரை, கையிருப்பில் இருந்த நோர்ஸ்க் மொழி முழுவதையும் கொட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டு, என் தோளில் தட்டினார். பாதி உயிர் திரும்பியது.

அப்போது "ஹெய், தர்சினி" என்றபடி ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். (அவர் 'வந்தார்', இவள் 'வந்தாள்'. என் மண்டைக்குள் அப்படித்தான் ஓடியது.) பிள்ளையின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைப் பார்த்ததும் முகம் மாறி, கட்டிலை நெருங்கினாள். நான் குறுக்கே நின்றேன்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறும். டொக்டரோட கதைச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அண்ணை, நான்தான் டொக்டர். பிள்ளையின்ர துடிப்புக் குறையுது, உடன ஒப்பரேசன் செய்யவேணும். தள்ளி நில்லுங்கோ!"

நான் ஆர்னேயைப் பார்த்தேன். (வெட்கக்கேடு, அப்போதும் அவர் சம்மதம் தரட்டும் என்றுதான்.) அவர் குனிந்து கட்டில் சில்லின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். கட்டில் தள்ளுவதுதான் அந்த நல்ல மனிதரின் வேலை.

ஒப்பரேசன் அறைக்கு வெளியே நின்று அழுதேன். நான் மறித்த அந்த அரை நிமிடம் பிள்ளையின் உயிரைக் குடித்திருந்தால்? கொஞ்ச நேரத்தில் தர்சினி வந்தார். தாயும் மகளும் சுகம் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பரவாயில்லை அண்ணை. வெள்ளைக்காரரை விட எங்கட ஆக்கள்தான் கூடக் கேக்கிறவை, டொக்டர் எப்ப வருவார் எண்டு."

ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அத்தோடு என் பிரசங்கத்துக்கு வீட்டில் மதிப்புப் போய்விட்டது. வாயைத் திறந்தாலே வசந்தி, "அதை ஆர்னேயிட்டைச் சொல்லுங்கோ" என்பாள். மகள் இனியா ஆறு வயதில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள். இன்றைக்கும் வருகிற விருந்தாளிகள் முன்னால் அதையே கேட்டு என் மானத்தை வாங்குகிறாள்.

"அப்பா, டொக்டர் அன்ரி நீங்கள் சொன்னமாதிரிப் பொறுத்து நிண்டிருந்தா, நான் இப்ப எங்கை?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு.