ஒரு நாள் மட்டும் நல்ல நாடு

லெபனான் அரசாங்கத்தின் வாக்குக்கு அன்று காலை விலை, டாலருக்கு ஆறு சென்ட். நூறு டாலர் திருப்பித் தருகிறேன் என்று அது எழுதிக் கொடுத்த பத்திரத்தை ஆறு டாலருக்குக் கூவி விற்றார்கள். அந்த விலைக்கும் ஆட்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஸஹ்லே நகரில் எள்ளை அரைத்துத் தஹினி என்ற விழுது செய்யும் ஆலை நடத்தும் வதீஹ், இந்தச் செய்தி வந்த தினசரியை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

டென்மார்க்கிலிருந்து யென்ஸ் என்ற உணவுக் கம்பெனி அதிகாரி வந்துகொண்டிருந்தார். ஆலையில் பாதிப் பங்குக்கு நாலு லட்சம் டாலர் போடுவதா வேண்டாமா என்று அன்று மாலைக்குள் அவர் முடிவு செய்யவேண்டும். அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த லாரி எள்ளுக்கு வழியில்லை; ஆலைக்குப் பூட்டுதான். வதீஹின் சேமிப்பு முழுவதும் வங்கியில் பத்திரமாக இருந்தது. அவராலேயே எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரமாக.

"நாடு திவால்னு தெரிஞ்சா ஒரு காசு போடுவானா? ஓட்டாண்டி வீட்டுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"எங்கப்பா குடுத்தாரே" என்றாள் நுஹாத். சொல்லிவிட்டு, மெத்தைக்குள் தைத்து வைத்திருந்த டாலர்களைப் பிரித்துக் கொடுத்தாள். "ஒரே ஒரு நாள் நாட்டை நல்லா வெச்சுக்கோ. அதுக்குமேல இதுல இல்லை."

அதில் முந்நூறை டாக்ஸிக்கார அபு நிமர் கையில் கொடுத்து, தெருக்கோடியில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஷாஹீனுக்கு அனுப்பினார். இன்று மாலைவரை கரண்ட் கண்ணை மூடக்கூடாது என்பது ஒப்பந்தம். அப்படியே விமான நிலையம் போய் விருந்தாளியை அழைத்து வரவேண்டும்.

"வழியில நாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார் வதீஹ்.

"நல்லதாப் பேசலாமா, முதலாளி?"

"உனக்கு என்ன நல்லது தெரியும்? சும்மா வா."

யென்ஸ் நெடுநெடுவென்று, ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். ஆலைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி: "இங்கே மின்சாரத்துக்கு ரொம்பத் திண்டாட்டமாமே?"

"யார் சொன்னது? இருபத்துநாலு மணி நேரமும் வருது. விளக்கை அணைக்கக்கூட மறந்து போயிடறோம்."

யென்ஸின் முகம் சுருங்கியது. நம்பவில்லை என்று வதீஹுக்குப் பட்டது. உடனே வறுக்கும் அடுப்பு, அரைக்கும் கல், மூன்று வருடமாகச் சுற்றாத காற்றாடி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார். எல்லாம் இரண்டு நிமிஷம் ஆனந்தமாக ஓடி, ஒன்றாக நின்றன. இருட்டில் ஒரு கெட்ட வாசனை வந்தது.

"என்ன ஆச்சு?" என்ற யென்ஸின் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"நாங்களேதான் நிறுத்தினோம். மிஞ்சிப் போகுது பாருங்க, என்ன பண்றது?"

துள்ளல் அடங்கிவிட்டது. "ஆட்களுக்குச் சம்பளம் உங்கள் நாட்டு லிராவில்தானே?" என்று மெல்ல இழுத்தார்.

மதிப்பே போன லிரா என்றாலே பயப்படுகிறார், பாவம். வதீஹ் தயங்கவில்லை. "சே! சுத்த டாலர். உங்க ஊர்ச் சம்பளத்துக்கு ஒரு விரல்கடை கம்மி, அவ்வளவுதான்."

ஜன்னல் வெளிச்சத்தில் எள் சலித்துக்கொண்டிருந்த ஜூலியெத்துக்கு ஆங்கிலம் புரியும் என்பதை அவர் மறந்துவிட்டார். அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "எப்போலேர்ந்து முதலாளி? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சேதி கல்லடியிலிருந்து கிடங்குவரை பரவி, இருபத்தைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. ஆளுக்கு இருபது டாலர் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பு மட்டும் அன்று ஆலையில் நடிப்பில்லாத சரக்கு.

யென்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

சாப்பிட அழைத்துப் போகும் வழியில் வங்கி வந்தது. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புத்தகடு. வாசலில், போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கூட்டம் பாத்திரங்களைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று யென்ஸ் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணம்."

"வங்கி வாசலிலா?"

"மாப்பிள்ளை இங்கேதான் வேலை பார்க்கறார். எல்லாருக்கும் அவர்மேல உயிர்."

கூட்டத்திலிருந்து ஒருவன் காருக்குள் குனிந்தான். "என்ன வதீஹ், இன்னிக்கு உன் அண்டா வரலையா?"

"சீர்வரிசை பத்திக் கேக்கறான்" என்று வதீஹ் மொழிபெயர்த்தார்.

ஆற்றங்கரை உணவகத்தில் ஆட்டுக்கறியும் அரக் சாராயமுமாக நூறு டாலர் போயிற்று. யென்ஸ் பாதிதான் சாப்பிட்டார். கிளம்பும்போது வதீஹின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். துக்க வீட்டில் குலுக்குகிற மாதிரி.

அபு நிமர் அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்வரை வதீஹ் வாசலைவிட்டு நகரவில்லை. நுஹாத் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது.

கார் வந்து நின்றது.

"என்ன சொன்னார்?"

"பணம் போடலையாம், முதலாளி."

வதீஹ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ ஏதாவது உளறினியா?"

"உளறினேன். வண்டியில அவர் மூஞ்சி தொங்கிப் போச்சு, மனசு கேக்கலை. கரண்ட் வராது, பேங்க்ல பணம் வராது, சம்பளம் லிரா, அதுவும் ரெண்டு மாசம் பாக்கின்னு எல்லாத்தையும் கொட்டினேன்."

"பாவி! குடியைக் கெடுத்தியே!"

"எங்கே நம்பினார்? 'அவ்வளவு நேர்மையான மனுஷரைப் பத்தி இப்படிப் பேசாதே'ன்னு என்னையே திட்டினார்."

நுஹாத்துக்குப் புரியவில்லை. "எங்களைத்தான் நம்பினார், நாடும் நல்லா இருக்குன்னுதான் நம்பினார். அப்புறம் ஏன் வேண்டாங்கறார்?"

அபு நிமர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"'செலவு லிராவில, வரவு டாலர்ல, அப்படி ஒரு கெட்டுப்போன நாடாத் தேடித்தான் வந்தேன், இவ்வளவு சுபிட்சமா இருந்தா எள்ளை நான் எங்க ஊர்லயே அரைச்சுக்குவேனே'ன்னார்ம்மா. ஆக, நாடு ஒரு நாள் நல்லா இருந்ததுக்குச் செலவு தொள்ளாயிரம் டாலர், வரவு பூஜ்யம், என் வாடகை அறுபது பாக்கி."