தேசிக்காயும் மூன்றாம் சிலிண்டரும்

கொட்டாஞ்சேனையில் ஓடிய எந்த வாகனமும் கடவுளுக்கு அடுத்தபடியாக மிஸ்ஃபயர் மாஸ்டருக்குத்தான் பயந்தது. அவர் கராஜ் வைத்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டர் பட்டத்தை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார், மிஸ்ஃபயரைத் தெரு கொடுத்தது. ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால் அதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். வீதியில் யாருடைய எஞ்சின் திக்கினாலும் மாஸ்டருக்குச் சோறு இறங்காது. இப்போது மகளோடு வத்தளைக்குப் போய்விட்டார். கொட்டாஞ்சேனை வாகனங்கள் நிம்மதியாகத் திக்குகின்றன.

ஒருமுறை நண்பன் ஒருவனின் தகப்பனாருடைய மரணவீடு. பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது, பாதிரியார் செபம் சொல்கிறார், சனம் விம்முகிறது. மாஸ்டர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு உருக்கமாகச் செபிக்கிறார் என்று வெட்கப்பட்டு நானும் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் அவர் சாரதியின் ஜன்னலில் நிற்கிறார்.

"தம்பி, ரெண்டாவது எரியேல்ல. இப்பிடியே கொண்டுபோனா சேமக்காலைக்குப் போய்ச் சேராது."

வண்டி ஒரு குறையும் இல்லாமல் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கு, "நான் சொன்னதால பயந்து ஓடினது" என்றார். இன்னொரு நாள், பக்கத்து வீட்டில் தோசைக்கு மா அரைக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு என் காரின் பெற்றோல் பம்ப் போய்விட்டது என்று சத்தியம் செய்தார். நானும் நம்பிப் புதுப் பம்ப் போட்டேன். அரைக்கிற சத்தம் அப்படியே இருந்தது, மாவும் நன்றாகவே அரைபட்டது.

இத்தனைக்குப் பிறகும் நான் அவரிடமே போனேன் என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கனடாவிலிருந்து அக்கா வருவதாக இருந்தது. அம்மா போனபோதுகூட வரமுடியாமல் போனில் அழுதவள். "டாக்சி ஒண்டும் பிடிக்காத, நான் என்ர கார்ல வந்து ஏத்துறன்" என்று பெரிய மனுசனாகச் சொல்லிவிட்டேன். காரோ, வெள்ளவத்தைச் சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. டாஷ்போர்டில் எஞ்சின் லைட் அணைவதே இல்லை. நான் இணையத்தில் காணொளி பார்த்துப் பார்த்துப் பிளக் மாற்றினேன், எயார் ஃபில்டர் மாற்றினேன். மாற்றாமல் விட்டது சாரதியை மட்டும்தான். அதை மனைவி சிபாரிசு செய்தாள்.

அக்கா வருவதற்கு முதல் நாள் மாஸ்டர் வந்தார். ஒரு சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்கின் கீழே சொருகிப் பார்த்தார்.

"மூண்டாவது சிலிண்டர் எண்டு சொல்லுது."

"அப்ப அதின்ர கொயிலை மாத்துவமா மாஸ்டர்?" என்றேன், கொயில்தான் பிளக்குக்குப் பொறி கொடுக்கிறது என்று காணொளி தந்த அறிவில்.

"நீர் அங்கால தள்ளி நில்லும். சொந்தக்காரன் கதைச்சா எஞ்சின் பொய் சொல்லும்."

என்னை மதிலோரம் நிறுத்திவிட்டு, முதலாவதின் கொயிலையும் மூன்றாவதின் கொயிலையும் இடம் மாற்றிப் போட்டார். கொயில்தான் பிழை என்றால் இப்போது முதலாவது திக்கவேண்டும். திக்கியது மூன்றாவதேதான். கொயில் நிரபராதி. பிறகு எஞ்சின் ஓட ஓட ஒவ்வொரு வயராகப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே போனார். மூன்றாவது சிலிண்டருக்குப் பெற்றோல் பீச்சுகிற இன்ஜெக்டரின் வயரைத் தொட்டதும் எஞ்சின் குலுங்கி நின்றது. கையை அந்த வயரோடு கீழே விட்டார்.

"இதென்னப்பா, பொனெட்டுக்குள்ள மரக்கறிக் கடையே வச்சிருக்கிறீர்?"

நான்தான் வைத்திருந்தேன். கார் வாங்கிய அன்று பிள்ளையார் கோயிலில் பூசை செய்து தந்த தேசிக்காய். எல்லாரும் இந்த எலுமிச்சையைப் பம்பரில் கட்டுவார்கள். கண்ணூறு எஞ்சினுக்குப் பட்டால் என்ன செய்வது என்று யோசித்த ஒரே அறிவாளி நான். மனைவி கண்டால் சிரிப்பாள் என்று எஞ்சினுக்குப் பின்னால், அடியில், ஒரு வயரில் கட்டினேன். கார் திக்கத் தொடங்கியதும், காயின் சக்தி குறைந்துவிட்டது என்று அதே இடத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் சூட்டில் வெந்து வெடித்து, புளி இன்ஜெக்டரின் சொக்கெட்டுக்குள் இறங்கி, பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

"அவிட்டு விடுங்கோ மாஸ்டர்."

"நான் அந்தோனியார் ஆள். உம்மட பிள்ளையாரோட எனக்கேன் வம்பு? கட்டினவரே அவிட்டுவிடும்."

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவிழ்த்தேன். மாஸ்டர் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வேறு சொக்கெட் வாங்கிவந்து பூட்டினார். எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. "இனி இது லண்டனுக்கும் ஓடும்!" என்று பொனெட்டில் ஓங்கி அடித்தார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு, கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் என்னைக் கதைக்க விடவில்லை. விமானம் தாமதம். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அவரைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போய்க் காத்திருந்தேன். கடைசியில் அக்கா வந்தாள், என்னைக் கண்டதும் தோளில் சாய்ந்து அழுதாள். அவளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், உச்சி வெயிலில் கார் பொனெட் திறந்தபடி நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் சேர்ட் முழுக்க வியர்வையோடு பக்கத்தில் நிற்கிறார்.

"என்ன மாஸ்டர், இவ்வளவு நேரமும் நிப்பாட்டேல்லையா?"

என்னை ஓரமாக இழுத்துக்கொண்டுபோனார். குரல் இறங்கியிருந்தது.

"நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வருமோ எண்டு எனக்குப் பயமாக் கிடந்தது, தம்பி. அக்காவுக்கு முன்னால உமக்கு மானக்கேடா போகக்கூடாதெல்லே."

அந்த மனுசன் தனக்குப் பயம் என்று சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரடா இவர், டிரைவரோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லையக்கா. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு அண்ணன்" என்றேன்.