தனக்குப் பின்னால் தானே உட்கார்ந்து பார்ப்பவர்

மனிதர்களில் கார் வைத்திருப்பவர், கார் இல்லாதவர் என்று இரண்டே வகைதான் என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாமவரை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அவர் கார் வாங்கப் போகிறவர். இன்றோ நாளையோ வாங்கிவிடுவார் என்று அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். வாங்கப் போவது அவருடைய நிரந்தர நிலை, சிலருக்குச் சர்க்கரை வியாதி மாதிரி: கூடவே இருக்கும், ஆளைக் கொல்லாது, எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கே வந்து நிற்கும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வாகன நிறுத்தத்தில் தனக்குச் சொந்தமில்லாத காரின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். டயரைக் கால் நுனியால் மரியாதையாக ஒரு தட்டுத் தட்டுவார். யாராவது கார்க் கதவைச் சாத்தினால் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். கனத்த சத்தம் வந்தால் முகம் மலரும், தகரச் சத்தம் வந்தால் துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டுவார். கார் யாருடையது என்பது அவருக்கு முக்கியமில்லை. துக்கம் அவருடையது.

சரி, இவருக்கு என்னதான் வேண்டும்? அதிகமில்லை. கார் சிறுத்தை மாதிரிப் பாய வேண்டும், கழுதை மாதிரிச் சுமக்க வேண்டும், குருவி மாதிரிக் குடிக்க வேண்டும். பார்ப்பவர் பொறாமைப்பட வேண்டும், ஆனால் பகட்டாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆல்-வீல் டிரைவ் இருந்தே ஆக வேண்டும். அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்து இழுத்து அவர் பார்த்ததில்லை என்பதால் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த இந்த ஜாதிக்காரர் ஒரு லிஃப்ட் பரிசோதகர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவருக்கு முன்னால் போவதைப் பற்றி இத்தனை கனவு இருப்பதில் நியாயம் உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். வழியில் நான்கு சிக்னல், ஒரு வேகத்தடை. அவர் தினசரி கடக்கும் மிகக் கரடுமுரடான நிலப்பரப்பு அந்த வேகத்தடைதான். அதையும் பஸ்ஸில் கடக்கிறார், அல்லது அவர் யோசனை கேட்டுக் கார் வாங்கிய சக ஊழியர்களின் பின் சீட்டில். ஆம், நான்கு பேர் அவர் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். அலுவலகத்தில் அவருக்கு 'நிபுணர்' என்றே பெயர்.

நிபுணரின் சனிக்கிழமை காலை ஷோரூமில் விடியும். ஓட்டுநர் இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி நகர்த்தி வைப்பார். உடனே இறங்கி, பின்கதவைத் திறந்து, அதே இருக்கைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் தனக்குப் பின்னால் தானே பயணம் செய்யும் சந்தர்ப்பம் எப்போது வரும் என்று நீங்கள் கேட்கலாம். விற்பனைப் பெண்மணி கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

அடுத்தது டிக்கிப் பரிசோதனை. இதற்காக அவர் வீட்டிலிருந்தே ஒரு குழந்தைத் தள்ளுவண்டியைக் கொண்டுவருவார். மகள் பிறந்த வருடம் தொடங்கிய தேடல் அல்லவா? மகளுக்கு இப்போது பதினெட்டு வயது, போன மாதம் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். தள்ளுவண்டி மட்டும் வளரவில்லை.

"நான் இனிமே இதுல உக்கார மாட்டேன்பா," என்றாள் ஒருநாள். "உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா. ஆனா அறுபத்திரண்டு காரை இதை வச்சுத்தான் அளந்திருக்கேன். இப்ப அளவுகோலை மாத்தினா பழைய கணக்கெல்லாம் என்ன ஆகறது?"

இந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். இல்லை. பைத்தியக்காரத்தனத்தில் பெரும்பாலும் ஓட்டையே இருக்காது.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரார் முழங்காலையும் தோள்பட்டையையும் நகர வைப்பதே தொழில். வீட்டிலிருந்த ஒருவரை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. ஒன்பது வருடமாக விண்ணப்பித்துக் காத்திருந்த வேலை அவருக்குக் கிடைத்தது: ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் தலைமைப் பொறுப்பு. பஸ் அடிவாரம் வரைதான். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நிபுணருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த மலைக்குப் போறீங்கன்னு பதினெட்டு வருஷமா கேட்டியே. பாத்தியா, மலை வந்திடுச்சு."

"மலை வந்தாச்சு, சரி. கார் எப்ப வரும்? நாப்பது நாள்தான் இருக்கு."

"நாப்பது நாள் தாராளம்."

முதல் வாரத்தில் பட்டியலை மூன்றாகக் குறைத்தார். இரண்டாம் வாரத்தில் இரண்டாக்கினார். மூன்றாம் வாரத்தில் இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஏழாக்கினார். ஒன்றாம் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை, குடும்பம் மொத்தமும் ஷோரூமில் உட்கார்ந்திருக்க, பேனா அவர் கையில் இருந்தது, படிவம் மேஜையில் இருந்தது. பேனா காகிதத்தைத் தொட ஒரு விரற்கடை. அப்போது விற்பனைப் பெண்மணி, பாவம், நேர்மையானவர், "மூணு மாசத்துல புது மாடல் வருது சார், முன்னாடி லைட்டெல்லாம் புதுசு, சொல்லாம விட்டா தப்பாயிடும்," என்று சொல்லித் தொலைத்தார்.

பேனா கீழே இறங்கியது.

"மூணே மாசம்," என்றார் மனைவியிடம்.

"நான் அவங்ககிட்ட என்ன சொல்லணும்? முன்னாடி புது லைட்டு மாட்டினதும் வந்து சேர்றேன்னா?"

"லைட்டு மட்டும் இல்ல. டிக்கி நாலு சென்டிமீட்டர் கூடுதாம். தள்ளுவண்டி படுத்தே போகும்."

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தள்ளுவண்டியைப் பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்து வெளியே போனார்கள்.

போன இடம் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவரின் வீடு. அவருடைய முழங்காலை நடக்க வைத்தது இந்த அம்மாதான். கிளட்சை மிதிப்பது இனி வேண்டாம் என்று சொன்னதும் இவரே. அதனால் அவருடைய கார் வாசலில் சும்மா நின்றது. அந்த அம்மா கேட்டது இரண்டே கேள்வி.

"ஓடுமாண்ணே?"

"ஓடும்மா."

"பிரேக் பிடிக்குமா?"

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன்மா. பிரேக் பிடிக்காத வண்டியை வீட்டு வாசல்ல நிக்க விடுவேனா?"

பதினெட்டு வருடத் தேடல் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அதில் எட்டு நிமிடம் சாவியைத் தேடியது.

ஒன்றாம் தேதி காலையில் மழை பிடித்துக்கொண்டது. எப்போதோ வாங்கிக் கைப்பையில் தூங்கிய உரிமத்தோடு அந்த அம்மா ஓட்ட, மகள் முன்னால் உட்கார, நிபுணர் பின் சீட்டில் ஏறினார், மடியில் ஒரு இழுவைக் கயிற்றோடு. தனக்குப் பின்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் பழகியவருக்கு மனைவிக்குப் பின்னால் உட்கார்வது புதிதாக இருந்தது. முழங்கால் இடிக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"இதுல முன் சக்கரம் ரெண்டுதான் இழுக்கும்," என்றார் அடிவாரத்தில். "பாதி ஏத்தத்துல வழுக்கும். பயப்படாதே, கயிறு இருக்கு."

பாதி ஏற்றத்தில் ஒரு நர்ஸ் குடை பிடித்த தோழியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் இவர்களை முந்திப் போனார்.

மையத்தின் வாசலில் கார் நின்றபோது மணி ஏழு ஐம்பது. மகள் திரும்பிப் பார்த்தாள். "ஏறிடுச்சேப்பா."

"இது சாதாரண மழை," என்றார் நிபுணர்.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். படியேறியவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து ஒரு கதவுக்குள் போகிறவர் எதற்காகத் திரும்பிப் பார்க்க வேண்டும்? அவர் போன பிறகு நிபுணர் மழையில் இறங்கி, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, டிக்கியைத் திறந்து, கயிற்றை உள்ளே வைத்து, மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு மகளிடம் குனிந்து, "அடுத்த சனிக்கிழமை தள்ளுவண்டியை எடுத்துட்டு வந்து இதையும் அளந்துடலாம்," என்றார். அறுபத்து மூன்றாவது.

சரி, இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அம்மா வாங்கியது என்ன கார் என்று நான் சொல்லவே இல்லை. நிறம், வருடம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எதுவும் சொல்லவில்லை. அவர் வேலையில் சேர அது எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த டிரைவர் வீட்டு வாசலில் நின்றபோது, உங்கள் மனம் மெல்ல எட்டிப்பார்த்து, 'அது என்ன மாடல்?' என்று ஒருமுறை கேட்டிருக்குமே?

கேட்கவில்லை என்றால் சந்தோஷம், போய் வேலையைப் பாருங்கள். கேட்டிருந்தால், பரண் மேல் இருக்கும் தள்ளுவண்டியைத் தூசி தட்டி இறக்கி வையுங்கள். சனிக்கிழமை ஷோரூம் ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள். நிபுணருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.