பக்கவாட்டு வெளிச்சம்

ஐம்பதைத் தாண்டியபிறகு எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று முடிவெடுத்தேன். பெரிய அறை வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு மேசை, நான். உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எதைப் பற்றி என்று மனைவி கேட்டாள். அதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றேன்.

கூடத்தின் ஓரத்தில் ஜன்னலோடு கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அதன்மேல் அவளுக்கும் ஒரு கண். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்து ஜிப்சம் பலகைகளை நிறுத்தி, அந்த இடத்தை அறையாக அடைத்துவிட்டுப் போனார்கள். பலகைகள் சேரும் இடங்களில் மட்டும் இடைவெளி தெரிந்தது. அங்கே நாடா ஒட்டி, மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அதற்குத் தனியாக ஓர் ஆள் உண்டாம்.

"தனி ஆள் எதுக்கு? நானே பட்டி பாக்கறேன். ஆனா ஒண்ணு, நான் முடிச்சா ரூம் எனக்கு."

"சரிங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத்தான் இன்னும் அறை தயாராகவில்லையே.

பிறர் பட்டி பூசுவதைப் பார்த்தால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போல இருக்கும். நான் பூச்சுத் தகட்டை இழுத்தபோது அது என்னை இழுத்தது. குறைந்த இடத்தில் அப்பினேன், பக்கத்தில் கூடியது. கூடியதைத் தேய்த்தேன், உள்ளேயிருந்து நாடா பல்லைக் காட்டியது. வீடு முழுக்க வெள்ளைத்தூள். குளித்துவிட்டு வந்தும் மீசையில் பாதி வெள்ளை போகவில்லை என்றேன். அது பட்டி இல்லை என்றாள் மனைவி.

கடைசியில் ஒருநாள், எதிரே நின்று பார்த்தால் சுவர் சுவராகவே தெரிந்தது. மனைவியும் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். என் நாற்காலியையும் மேசையையும் அவளே இழுத்துவந்து போட்டாள். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று விளக்கை மேசையில் சுவரோரமாக வைத்து, சுவிட்சையும் போட்டுவிட்டுப் போனாள்.

வெளிச்சம் சுவரின்மேல் படுத்து ஊர்ந்தது. பலகை சேரும் இடமெல்லாம் மேடு எழுந்து, மேட்டுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. விலா எலும்பு தெரிய ஒரு கிழட்டு மாடு என்முன் நின்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எந்தக் காக்கையும் குஞ்சுக்குப் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுபடி பூசினேன். மறுபடி தேய்த்தேன். மாடு ஒட்டகமானது. வெட்கத்தை விட்டு, பட்டி வேலைக்காரரை நானே வரச் சொன்னேன்.

தன் கைக்கு ஈடான கை எங்கேயும் இல்லை என்பதை அவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"குறை சொல்லக் கூடாது சார். யார் பண்ணது?"

"நான்தான்."

"அதான் குறை சொல்லக் கூடாதுன்னேன்."

மேட்டைத் தேய்த்தே ஒழிக்கப் பார்த்ததுதான் என் தப்பாம். நாடா ஒட்டிய இடத்தில் மேடு இருந்தே தீரும். அகலத் தகட்டால் அதை இரண்டு பக்கமும் மெல்ல மெல்லப் பரப்பிக்கொண்டே போக வேண்டும். மேடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத தூரம்வரை பரப்ப வேண்டும். எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மனைவி வந்தாள்.

"வேணாங்க. இவர் பாடுபட்டுத் தன் கையால பண்ணது. அது மேல இன்னொருத்தர் கை படறதுக்கு எனக்கு மனசு வரல."

என் உழைப்புக்கு இந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வேலைக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அறையில் உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பிரித்தால் கண் சுவருக்குப் போனது. கண்ணை மூடி யோசித்தால் யோசனையும் அங்கேயே போனது. இத்தனை வயதில் எதைத்தான் ஒட்டுத் தெரியாமல் செய்திருக்கிறேன் என்று தொடங்கி, எங்கெங்கோ போய், மறுபடி அந்த மேட்டிலேயே வந்து இடித்துக்கொண்டேன். வாரம் முடிவதற்குள் நாற்காலி கூடத்துக்குத் திரும்பியது. பின்னாலேயே மேசையும்.

"அந்த ரூமை நீயே வச்சுக்கோ," என்றேன்.

"ஐயோ, உங்க ரூமாச்சே."

"உனக்கு அந்தக் கோடெல்லாம் கண்ணை உறுத்தலையா?"

"எனக்குத் தையல் கோடுதாங்க கண்ணுக்குத் தெரியும்."

கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்ததும் நானே.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, அந்த அறையில் பட்டி வாசனை அடித்தது. எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் மெஷின். எதிரே சுவர், தண்ணீர் தேங்கி நின்றது போல வழவழவென்று.

"என்னது இது? அன்னிக்கு அந்தப் பட்டிக்காரர் கை படவே கூடாதுன்னு சொன்னியே."

"அன்னிக்கு அது உங்க ரூம்ங்க. நீங்க பண்ணதை உங்க கண்ணு முன்னாடி அழிக்கலாமா? இப்ப என் ரூம். வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டார்."

மேசை விளக்கைக் கொண்டுவந்தேன். சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. அவள் சரி சொன்னதையும், விளக்கைச் சுவரோரமாக வைத்ததையும், மனசு வரவில்லை என்றதையும் வரிசையாக நிறுத்தி அப்படியே பார்த்தேன். அங்கேயும் ஒட்டு தெரியவில்லை. அவ்வளவு அகலமான தகடு.

"விளக்கைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்காம இந்தப் பக்கம் காட்டுங்க," என்றாள் மனைவி. "ஊசியில நூல் கோக்கணும்."