பீரோவுக்குப் பின்னால் இருந்த நாடு

வெளிநாடு செல்லும் குடிமக்கள் பயங்கரவாதத்துக்கு இரையாகாமல் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு அரசாங்கம் ஒரு பிரிவை நடத்திவந்தது. அங்கே மூத்த மதிப்பீட்டாளராக இருந்தவரைத் தெருவில் எல்லோரும் 'அபாயம் சார்' என்றே கூப்பிட்டார்கள். உலகத்தில் எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த நாட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்கிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவர் இதுவரை எந்த நாட்டுக்கும் போனதில்லை. போனால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவர் வாதம்.

அலுவலகச் சுவர் முழுக்க ஓர் உலக வரைபடம். அச்சாகி வரும்போது எல்லா நாடும் பச்சைதான். அபாயம் தெரிந்தால் மஞ்சள், முற்றினால் சிவப்பு என்று பெயின்டர் வந்து அடித்துவிட்டுப் போவார். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் பொதுமக்களுக்கான அறிவிப்பை எழுதுவார்கள். சிவப்பு அடிக்க ஒரு கையெழுத்து போதும். அடித்த சிவப்பை நீக்க ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அந்த ஏழில் முதல் கையெழுத்தைப் போட ஒருத்தரும் முன்வரவில்லை. இதில் நியாயம் இருந்தது. பச்சை என்று எழுதி அங்கே குண்டு வெடித்தால் விசாரணைக் கமிஷன் வரும். சிவப்பு என்று எழுதி ஒன்றுமே வெடிக்காவிட்டால், உரிய நேரத்தில் எச்சரித்த காரணத்துக்காகப் பதவி உயர்வு வரும். அபாயம் சார் அப்படித்தான் மேலே வந்தார். ஒரு நாட்டில் அடுப்புக் கடை தீப்பிடித்ததற்காக அதைச் சிவப்பாக்கினார். கடையை எப்போதோ மூடிவிட்டார்கள், நாடு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

பொதுமக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருநாள் மாடிவீட்டுக்காரர் படியிலேயே மடக்கினார்.

"சார், லீவுக்கு ஒரு நல்ல நாடா சொல்லுங்க."

"மஞ்சள்ல ரெண்டு மூணு இருக்கு. ஜாக்கிரதையா போயிட்டு வரலாம்."

"மஞ்சளா? எதிர்வீட்டுக்காரர் போன வருஷமே மஞ்சளுக்குப் போயிட்டு வந்து ஹால்ல போட்டோ மாட்டியிருக்கார். எங்களுக்கு ஒரு சிவப்பு பாத்துக் குடுங்க. ரொம்ப சிவப்பா வேணாம், குழந்தைங்க வருதுங்க."

அபாயம் சாரின் மனைவி ஒரு பள்ளியில் பூகோளம் கற்பித்தாள். கல்யாணமான புதிதில் 'உன்னைப் பனிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று அவர் வாயை விட்டிருந்தார். அவள் வருஷா வருஷம் ஒரு பனிநாட்டைச் சொல்லுவாள். இவர் மறுநாளே ஆபீசில் அதை விசாரித்து, சாயங்காலத்துக்குள் நிறம் மாற்றிவிடுவார்.

"நேத்து வகுப்புல ஒரு பொண்ணு கேக்குது, பனியைத் தொட்டா எப்படி இருக்கும் டீச்சர்னு," என்றாள் அவள் ஒருநாள். "புத்தகத்துல இருக்கிறதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெக்கமா இருந்துச்சுங்க."

"அதுக்காக உயிரைப் பணயம் வைக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டார்.

கண்ணாடியைக் கொடுக்க அவள் ஆபீசுக்கு வந்தபோது அங்கே வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. வரைபடத்தை ஒட்டி நின்ற பெரிய இரும்பு பீரோவை நகர்த்தியிருந்தார்கள். அதன் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாடு பச்சைப்பசேலென்று இருந்தது. பெயின்டர் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே அடித்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத நாட்டை மதிப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாட்டின் மலைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இது முழுக்கப் பனிதாங்க. பச்சையா வேற இருக்கு. இங்க போலாமா? உங்க சுவரே சொல்லுதே!"

மொத்த ஆபீசும் பார்த்துக்கொண்டிருந்தது. அபாயம் சார் வேறு வழியில்லாமல் அங்கேயே லீவு எழுதிக் கொடுத்தார்.

பிரிவின் இயக்குநர் அம்மையாருக்கு மூக்கில் வியர்த்தது. "நம்ம ஆளே போற நாட்டை நாம மதிப்பீடு பண்ணாம விடலாமா?" என்றார். அந்த நாட்டுத் தூதரகத்துக்கு உடனே கடிதம் போனது. பதில் பணிவாக வந்தது: 'எங்கள் நாட்டில் பயங்கரவாதம் இல்லை. போன மாதம் ஒரு மாடு காணாமல் போயிற்று. மாலையில் தானே திரும்பி வந்துவிட்டது.'

"மாடு எங்க போயிருந்ததுன்னு எழுதலையே?" என்றார் இயக்குநர்.

"மறைக்கிறாங்க மேடம்," என்றார் அபாயம் சார்.

"சரி, இதுவரைக்கும் ஒண்ணுமே நடக்கலைன்னா என்ன அர்த்தம்?"

"இனிமேதான் நடக்கப்போகுதுன்னு அர்த்தம் மேடம்."

மஞ்சள் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டது அபாயம் சார்தான். லீவையும் ரத்து செய்துகொண்டார். அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. அவருக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது.

அந்த நாட்டுக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை அவர்களிடம் இப்படி ஒரு பிரிவே கிடையாது. நம்மைப் பார்த்து ஒன்றைத் தொடங்கி, முதல் வேலையாக நம் நாட்டைச் சிவப்பாக்கினார்கள். காரணம்: 'பிற நாட்டு மாடுகளின் நடமாட்டத்தை உளவறிய முயலும் நாடு.'

எந்த அரசாவது ஒரு நாட்டைச் சிவப்பு என்று அறிவித்தால் நாமும் அதைச் சிவப்பாக்க வேண்டும் என்பது பிரிவின் விதி.

"நம்ம நாட்டையே எப்படிய்யா சிவப்பாக்குறது?" என்றார் இயக்குநர்.

"நம்ம நாட்டுக்கு விதிவிலக்குன்னு எங்கயும் எழுதலையே மேடம்," என்றார் அபாயம் சார்.

பெயின்டர் வந்தார். தான் நின்றுகொண்டிருந்த நாட்டை, ஏணியில் ஏறி, ஓரம் பிசகாமல் சிவப்பாக்கினார்.

சிவப்பு நாட்டில் இருக்கும் ஊழியர்களின் குடும்பங்களை அரசு செலவில் அபாயம் குறைந்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அடுத்த விதி. அத்தியாவசியமான ஊழியர்கள் மட்டும் தங்கலாம். அத்தியாவசியமில்லாதவர்கள் யார் என்று கேட்டபோது ஆபீசில் ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை. குடும்பங்கள் மட்டும் புறப்பட்டன. இருந்த மஞ்சளிலேயே அபாயம் குறைந்தது மாடு திரும்பி வந்த நாடுதான்.

விமான நிலைய வாசலில் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "நீங்களும் வாங்களேன்."

"நான் அத்தியாவசியம்னு எழுதிக் குடுத்துட்டேனேம்மா."

"யாருக்கு?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. வாரம் ஒருமுறை போனில் பேசினாள். பனியைத் தொட்டால் எப்படி இருக்கிறது என்று இவரே வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"முதல்ல சுடுற மாதிரி இருக்குங்க. புத்தகத்துல இது இல்லவே இல்ல."

அவள் சிரித்த சிரிப்பு இவர் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. போனை வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபீசில் எல்லோர் கதியும் அதுதான். இயக்குநரின் கணவரும் போய்விட்டார். அம்மையாருக்குக் காப்பி போடக்கூடத் தெரியாது. குடும்பங்கள் திரும்ப வேண்டுமானால் நாட்டின் சிவப்பு போக வேண்டும். ஏழு பேரும் பேனாவோடு உட்கார்ந்தார்கள். முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள், நீங்கள் போடுங்கள் என்று மரியாதை செய்துகொண்டே அன்றைய கூட்டம் கலைந்தது.

அந்தச் சமயம் பார்த்து, வர்ணம் தடித்துப்போன பழைய வரைபடத்துக்குப் பதில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. இயக்குநர் அதைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார்.

"பீரோவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போடலாமா?"

எல்லோரும் தோள் கொடுத்தார்கள். பீரோ நம் நாட்டை மறைத்துக்கொண்டு நின்றது. பெயின்டர் வந்து, தெரிந்ததை எல்லாம் அடித்து முடித்தார். ஒருவர் கையெழுத்தும் இல்லாமல் நம் நாடு பச்சையாகிவிட்டது. சிவப்பு நாட்டில் வசிப்பதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரருக்கு மட்டும் மனவருத்தம்.

"பீரோ முன்ன இருந்த இடத்துல ஒரு நாடு மிச்சம் இருக்கே, அதுக்கு என்ன நிறம்? பழைய மஞ்சளேதானா?" என்று பெயின்டர் கேட்டார்.

"பச்சையான நம்ம நாட்டையே சிவப்புன்னு சொன்ன நாடு அது," என்றார் இயக்குநர். "எவ்வளவு அபாயமான நாடா இருக்கணும்!"

நீட்டிய தாளில் அபாயம் சார் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்தார்.

"பச்சையாயிடுச்சும்மா! கிளம்பி வா!"

"வரலாம்தாங்க. ஆனா இப்பத்தான் உங்க ஆபீஸ் அறிவிப்பு வந்துச்சு. இது சிவப்பு நாடாம். மறு அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாதாம், விமான நிலையம் பக்கமே போகக்கூடாதாம். கீழ யார் கையெழுத்துன்னு பாத்தேன்."

"அது பழக்கத்துல போட்டதும்மா!" என்றார்.

"நீங்க சொன்னதை நான் என்னிக்காவது மீறியிருக்கேனா?" என்றாள். "கவலைப்படாதீங்க. ஜன்னல்லேர்ந்து மலை நல்லா தெரியுது."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளி அந்த நாட்டின் சிவப்பை மறைத்துவிடலாம் என்று கெஞ்சினார்.

"தள்ளினா நம்ம நாடு தெரிஞ்சிடும். இருக்கிறது ஒரு பீரோதான் சார்," என்றார் இயக்குநர், காப்பி இல்லாத எரிச்சலில். "வேணும்னா இன்னொரு பீரோ வாங்கலாம். ஏழு பேர் கையெழுத்துப் போடணும். முதல் கையெழுத்து உங்களுது."

அபாயம் சார் பேனாவைத் திறந்தார். தாளை இழுத்துவைத்துக்கொண்டார். மனைவியின் சிரிப்பு காதில் கேட்டது.

"மேடம், வாங்கின பீரோ நாளைக்கு யார் மேலயாவது விழுந்துட்டா?" என்று கேட்டார். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.